ட்ரொபிப் பட்டியலும் ஓப்பன் வேர்ல்ட் கேமும்: வன்னியில் புதிதாக ஆடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாவித்த பிளேஸ்டேஷன் 4 ஒன்றைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கி, கூடவே ஒரு ஓப்பன் வேர்ல்ட் கேமையும் (விரும்பிய பக்கம் சுற்றித் திரியக்கூடிய கேம்) எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள். முதல் கிழமை நித்திரை இல்லை. பிறகு ஒருநாள், கேமில் இன்னதைச் செய்தால் இன்ன பரிசு என்று சொல்லும் ட்ரொபிப் பட்டியல் கண்ணில் படும். அதோடு பலருக்குக் கேம் வேலையாக மாறிவிடுகிறது. சிலர் பாதியிலேயே டிஸ்க்கை விற்றுவிடுகிறார்கள். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பிளாட்டினம் (மற்ற ட்ரொபிகள் எல்லாம் எடுத்தவருக்குக் கிடைக்கும் கடைசி ட்ரொபி) எடுத்து, அந்தக் கேமின் பெயரைக் கேட்டாலே எரிச்சல்படுகிறார்கள்.

ட்ரொபி தேடுவதில் பிழையில்லை. தேடுகிற ஒழுங்குதான் பிழைக்கிறது. கீழே உள்ள ஒழுங்கைப் பிடித்தால் கதையும் கிடைக்கும், ட்ரொபியும் கிடைக்கும். ட்ரொபி என்று எழுதியிருப்பது எக்ஸ்பொக்ஸிலும், கணினிக் கேம் விற்கும் ஸ்டீமிலும் உள்ள அச்சீவ்மென்டுக்கும் பொருந்தும். வித்தியாசம் உள்ள இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

1. கணக்கும் கொன்சோலும்

ட்ரொபி கொன்சோலில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது. ஆகவே கணக்கை வடிவாகத் திறக்காமல் கேமைத் தொடங்காதீர்கள்.

பிளேஸ்டேஷன் நெற்வேர்க்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே எல்லோரும் வேறொரு நாட்டைத் தெரிவு செய்துதான் திறக்கிறார்கள். அந்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. டிஸ்க் எந்தப் பிராந்தியமாக இருந்தாலும் ஓடும். ஆனால் மேலதிகப் பகுதியை, அதாவது டிஎல்சியை, காசு கொடுத்து வாங்கும்போது அது டிஸ்க்கின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். அமெரிக்கக் கணக்கில் டிஎல்சி வாங்கி ஐரோப்பிய டிஸ்க்கில் போட்டால் பெரும்பாலும் சரிவராது. டிஸ்க் வாங்க முன் உறையில் உள்ள வயதுத் தரக் குறியைப் பாருங்கள். ‘ஈஎஸ்ஆர்பி’ (ESRB) என்றால் அமெரிக்கா, ‘பெகி’ (PEGI) என்றால் ஐரோப்பா. முதுகில் உள்ள ‘கூசா’ (CUSA) குறியீடு இரண்டு பிராந்தியத்துக்கும் பொது, அதை வைத்துப் பிரிக்க முடியாது.

ஒரு கொப்பியில் இவற்றை எழுதி வையுங்கள்: மின்னஞ்சல், கணக்கில் கொடுத்த பிறந்த திகதி, தெரிவு செய்த நாடு, இரட்டைச் சரிபார்ப்பின் மாற்றுக் குறியீடுகள். கடவுச்சொல் மறந்தால் பிறந்த திகதியைக் கேட்பார்கள். அவசரத்தில் ஏதோ ஒரு திகதியைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் கணக்கோடு சேர்த்து எல்லா ட்ரொபியையும் இழக்கிறார்கள்.

பாவித்த கொன்சோல் வாங்கும்போது காசு கொடுக்க முன், கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து உங்கள் கணக்கில் உள்ளே போய்ப் பாருங்கள். தடை செய்யப்பட்ட கொன்சோல் என்றால் அங்கேயே தெரியும். ஜெயில்பிரேக் செய்த, அதாவது சோனியின் பூட்டை உடைத்த, கொன்சோலில் எடுத்த ட்ரொபி கணக்கில் ஏறாது. ஏற்ற வெளிக்கிட்டால் கணக்கும் போகும், கொன்சோலும் போகும்.

வீட்டில் அண்ணன், தம்பி, மச்சான் என்று மூன்று பேர் ஒரே கொன்சோலில் ஆடுவது இங்கே சாதாரணம். ஆளுக்கொரு யூசர் திறவுங்கள். சேவும் ட்ரொபியும் யூசருக்குத் தனித்தனி. தம்பியின் யூசரில் ஆடிய நாற்பது மணி நேரத்தை உங்கள் பெயருக்கு மாற்ற வழியில்லை. மணிக்கணக்கில் காசு வாங்கும் கேம் கடையில் ஓப்பன் வேர்ல்டில் ட்ரொபி தேடவே வேண்டாம்: ட்ரொபி கடைக்காரரின் யூசரில் ஏறும், அடுத்து வரும் பெடியன் உங்கள் சேவின் மேலே எழுதிவிடுவான்.

2. நேரத்தைக் கணக்குப் பாருங்கள்

கதையை மட்டும் முடிக்க விட்ச்சர் 3, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இரண்டுக்கும் ஏறக்குறைய 50 மணி நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் முடிப்பதென்றால் 170ஐத் தாண்டும். ரியூசன் முடிந்து இரவில் ஒன்றரை மணி நேரம் ஆடுகிறவருக்கு முதலாவது ஒரு மாதத்துக்குச் சற்று மேல், இரண்டாவது நான்கு மாதம். ஏ/எல் எடுக்கும் வருடத்தில் இந்த இரண்டாவது கணக்கைத் தொடவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

அந்த மேலதிக 120 மணியின் பெரும்பகுதியில் புதிதாக எதுவும் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கதை, பெரிய சண்டைகள், நல்ல பக்கக் கதைகள் எல்லாம் பெரும்பாலும் முதல் 70, 80 மணிக்குள் வந்துவிடும். மிச்சம் எண்ணிக்கை.

ஸ்டீமில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணிக்குக் குறைவாக இருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஓப்பன் வேர்ல்ட் கேமில் அந்த 2 மணி, அறிமுகப் பகுதியிலேயே கரைந்துவிடும். கணினி தாங்குமா என்பதை முதல் ஒரு மணிக்குள் பார்த்துவிடுங்கள்.

3. பட்டியலில் மூன்று விடயம் மட்டும் பாருங்கள்

முழுப் பட்டியலையும் முதல் நாளே வாசிப்பதுதான் கேமைக் கெடுக்கும் முதல் வேலை. அதே நேரம் கண்ணை மூடிக்கொண்டு ஆடினால், 60 மணிக்குப் பிறகு ‘இது தவறிவிட்டது, திரும்ப முதலிலிருந்து ஆடு’ என்ற நிலை வரும். ஆகவே மூன்று கேள்விக்கு மட்டும் பதில் தேடுங்கள்.

முதலாவது, தவறவிடக்கூடிய ட்ரொபி உண்டா? ரெட் டெட் 2இல் மூன்றைப் பற்றி உசாராக இருக்க வேண்டும். ‘எரண்ட் போய்’ என்பது கதைநாயகனின் கூட்டம் தங்கும் முகாமில் இருப்பவர்கள் கேட்கும் பொருட்களில் ஐந்தைக் கொண்டுவந்து கொடுப்பது. ‘ஃப்ரெண்ட்ஸ் வித் பெனிஃபிட்ஸ்’ அவர்களோடு வேட்டை, மீன்பிடி போன்றவற்றுக்குப் போவது. ‘லெண்டிங் எ ஹாண்ட்’ நற்பெயரோடு தொடர்பான விருப்ப மிஷன்களை எல்லாம் முடிப்பது. மூன்றும் முகாம் இருக்கும்வரைதான். முகாமில் ஆறுதலாக நடந்து, கூப்பிடுகிறவர்களோடு கதைத்தால் முதல் இரண்டும் தானாகவே வந்துவிடும். மிஷனுக்கு மிஷன் ஓடுகிறவருக்குத்தான் தவறும்.

விட்ச்சர் 3இல் ‘கலெக்ட் எம் ஓல்’ என்ற ட்ரொபிக்கு, கேமுக்குள் ஆடும் க்வென்ட் என்ற சீட்டாட்டத்தின் சீட்டுகள் எல்லாம் வேண்டும். அவற்றில் சில, ஒரு குறிப்பிட்ட மிஷனுக்குள் நடக்கும் ஆட்டத்தில் மட்டும் கிடைப்பவை. யாராவது சீட்டாடக் கேட்டால் மறுக்காதீர்கள். ஆட முன் சேவ் பண்ணுங்கள். இந்த ஒரு விதி போதும், வழிகாட்டி வேண்டாம். எல்டன் ரிங்கில் புகழ்பெற்ற ஆயுதங்கள் 9ஐயும் சேர்க்கும் ட்ரொபி உண்டு. அதில் ஒன்று இருக்கும் இடம், கதையின் ஒரு கட்டத்துக்குப் பிறகு மாறிவிடும், பிறகு அந்த ஆயுதத்தை எடுக்க முடியாது. எந்த இடம் என்று இங்கே எழுதினால் நானே கதையைக் கெடுத்தவனாகிவிடுவேன். பெரிய தலைநகர் ஒன்றுக்குள் போனால் அதை வடிவாகத் தேடி முடிக்காமல் கதையைத் தொடராதீர்கள்.

இரண்டாவது, ஒன்லைன் ட்ரொபி உண்டா? ஜிடிஏ 5இன் பிளாட்டினத்துக்குக் கதை 100 வீதம் முடிந்தாலும் போதாது. ஜிடிஏ ஒன்லைனில் 100ஆம் தரம்வரை ஏற வேண்டும். பிளேஸ்டேஷனில் அதற்கு பிளஸ் சந்தா தேவை, மாதக் காசு. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் சிம் ரவுட்டரில் ஆடுகிறவருக்கு மாலை நேரத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால், ஒரு ஹைஸ்ட்டின், அதாவது கொள்ளை மிஷனின், கடைசி நிமிடத்தில் வெளியே தள்ளப்படுவது உறுதி. அந்தக் கேமில் பிளாட்டினத்தை முதல் நாளே மறந்துவிட்டு, லொஸ் சாண்டோஸைச் சுற்றிப் பாருங்கள். அது அதற்காகச் செய்யப்பட்ட நகரம்.

மூன்றாவது, கடின அளவோடு ட்ரொபி உண்டா? விட்ச்சர் 3இல் ‘டெத் மார்ச்’ அளவில் முடித்தால் ஒரு ட்ரொபி. இடையில் அளவைக் குறைத்தால் அது போய்விடும். முதல் முறை ஆடுகிறவர் இதற்காக டெத் மார்ச்சில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் பத்து மணி நேரம் சாவதிலேயே போகும், கதை மனதில் நிற்காது.

இந்த மூன்றுக்கும் பதில் தேடும் சுலபமான வழி: கேமை முடித்த ஒருவரிடம் கேட்டு அரைத் தாளில் எழுதி வாங்குவது. வழிகாட்டியில் பார்ப்பதென்றால் மேலே உள்ள பொதுச் சுருக்கத்தை மட்டும் பாருங்கள், கீழே இறங்காதீர்கள். எழுத்து வழிகாட்டியே நல்லது. வீடியோ டேட்டாவைக் குடிக்கும், அடுத்தடுத்த வீடியோக்களின் முகப்புப் படத்திலேயே யார் சாகிறார் என்று காட்டிவிடும்.

4. அறிவிப்பையும் மேப்பையும் அடக்குங்கள்

முதல் சுற்றில் ட்ரொபி அறிவிப்பு வரக்கூடாது. பிளேஸ்டேஷனில் செற்றிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் உள்ளே ட்ரொபியை நிறுத்துங்கள். பிளேஸ்டேஷன் 5இல் இன்னொன்றும் உண்டு: ஒவ்வொரு ட்ரொபிக்கும் வீடியோவும் படமும் தானாகச் சேமிக்கும். கப்சர்ஸ் பகுதியில் அதையும் நிறுத்தினால் இடம் மிஞ்சும். ஸ்டீமில் இன்-கேம் பகுதியில் ஓவர்லேயை நிறுத்தினால் எதுவும் மேலே வராது. எக்ஸ்பொக்ஸிலும் நோட்டிபிகேஷன்ஸ் பகுதியில்தான்.

அடுத்தது மேப். விட்ச்சர் 3இன் 4.0 பதிப்பில் கேள்விக்குறிகளை மறைக்கும் வடிகட்டி வந்தது, அதையே வைத்திருங்கள். ரெட் டெட் 2இல் மூலையில் உள்ள ரேடாரை முழுதாக நிறுத்தலாம், அல்லது திசைகாட்டியாக மட்டும் வைக்கலாம். ஆசாசின்ஸ் க்ரீட் ஒடிசியில் தொடக்கத்திலேயே ‘எக்ஸ்புளொரேஷன்’ முறையைத் தெரிவு செய்யலாம். அப்போது இடத்தைப் புள்ளியாகக் காட்டாது, ‘ஆற்றுக்கு வடக்கே, கோயிலுக்குக் கிழக்கே’ என்று சொல்லும். நீங்கள்தான் தேட வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் தடுமாற்றமாக இருக்கும். பிறகு மலையையும் ஆற்றையும் பார்த்து வழி பிடிக்கப் பழகிவிடுவீர்கள்.

மேப்பில் குறி இருந்தால் கண் அந்த மூலையை விட்டு நகராது. இரணைமடுக் குளக்கட்டுக்குப் பொழுதுபடப் போய், கட்டில் பதித்த கல்லை எண்ணிக்கொண்டு திரும்புகிற கணக்குத்தான்.

5. முதல் சுற்றை ஆடும் முறை

கதை முடியும்வரை ட்ரொபிப் பக்கத்தைத் திறக்காதீர்கள். அரைத் தாளில் எழுதிய மூன்று விடயத்தை மட்டும் கொன்ட்ரோலருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் கீறுவதில் ஏற்கனவே விருப்பமுள்ள பாலர்களிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். கீறினால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கீறவைத்த பிள்ளைகள், ஓரிரு கிழமைகளுக்குப் பிறகு தாங்களாகக் கீறும் நேரம் மற்றப் பிள்ளைகளோடு பார்க்க ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு இல்லை. ட்ரொபியிலும் கெடுப்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான். தெரியாமல் விழும் ட்ரொபி யாரையும் கெடுப்பதில்லை.

ரெட் டெட் 2இன் ‘கோல்ட் ரஷ்’ இதைக் கிட்ட நின்று பார்க்க நல்ல இடம். 70 மிஷன் தங்கப் பதக்கம் வேண்டும். பதக்கத்துக்கான நிபந்தனைகள், மிஷனை ஒரு முறை முடித்த பிறகுதான் கேமில் தெரியும்: இத்தனை நிமிடத்துக்குள் முடி, இத்தனை தலைச்சூடு அடி, 80 வீதம் குறி தவறாதே. முதல் தடவையே தங்கம் எடுக்க வெளிக்கிடுகிறவர் வழிகாட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நேரத்தைப் பார்த்துக் குதிரையை அடித்து விரட்டுகிறார். கூட்டத்தின் மூத்தவரான ஹோசேயா பக்கத்தில் வந்து பழைய கதை சொல்லிக்கொண்டிருப்பார்; அவர் வாக்கியத்தை முடிக்க முன் இவர் அரை மைல் முன்னே போய்விடுவார். அந்தக் கேமின் உயிரே அந்தக் குதிரைப் பயணப் பேச்சில்தான் இருக்கிறது. மிஷன்களை மெனுவிலிருந்து எப்போதும் திரும்ப ஆடலாம், பதக்கம் அப்போதும் ஏறும். ஆகவே முதல் முறை வெண்கலம்கூட வேண்டாம்.

ட்ரொபி கேமைத் தின்னத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளங்கள்: பேச்சுகளைத் தாண்டுகிறீர்கள், பக்கத்து ஊருக்கும் விரைவுப் பயணத்தில் போகிறீர்கள், ஒரு கையில் எப்போதும் கைபேசி. இதில் இரண்டு ஒன்றாக வந்தால் கேமை மூடிவிட்டு மறுநாள் ஒரு இலக்கும் இல்லாமல் ஆடிப் பாருங்கள்.

6. சேவ், மின்வெட்டு, இடி

சேவ் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அது பழுதாகலாம். விட்ச்சர் 3, ரெட் டெட் 2 இரண்டிலும் மூன்று இடத்தில் மாறி மாறிக் கையால் சேவ் பண்ணுங்கள். எல்டன் ரிங் தானாகவே ஒரே சேவின் மேல் எழுதிக்கொண்டிருக்கும், பழையதற்குத் திரும்ப முடியாது. அங்கே யூஎஸ்பிப் பிரதிதான் காப்பு.

பிளேஸ்டேஷன் 4இல் சேவ் கோப்பை யூஎஸ்பிக்குப் பிரதி எடுக்கலாம், காசில்லை. கிழமைக்கு ஒருமுறை எடுங்கள். பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் கோப்பை யூஎஸ்பிக்கு எடுக்க முடியாது. பிளஸ் சந்தா உள்ளவர்களுக்கு மேகச் சேமிப்பு மட்டும். எக்ஸ்பொக்ஸில் மேகச் சேமிப்பு இலவசம். ஸ்டீமில் கேமைப் பொறுத்தது, வாங்கும் பக்கத்தில் போட்டிருக்கும்.

650 விஏ யூபிஎஸ் ஒன்று கொன்சோலையும் ரிவியையும் சில நிமிடம் தாங்கும். சேவ் பண்ணி ஒழுங்காக நிறுத்த அது போதும், தொடர்ந்து ஆடப் போதாது. ரெஸ்ட் மோடில் விட்டுவிட்டுப் படுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடி நேரத்தில் பிளக்கைக் கழற்றுவதோடு ரவுட்டரின் வயரையும் கழற்றுங்கள். அந்த வயர் வழியாகவும் அடிக்கும்.

இறக்கும் அளவுக்கும் ஆயத்தம் வேண்டும். ரெட் டெட் 2 கணினியில் 150 ஜிபி இடம் கேட்கும், எல்டன் ரிங் 60. பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதற்கு விடுங்கள்.

7. சேகரிப்பு: இரண்டாவது சுற்று

கதை முடிந்ததும் ஒரு கிழமை விட்டுவிட்டுப் பட்டியலைத் திறவுங்கள். பாதிக்கு மேல் தானாகவே வந்திருக்கும். மிச்சத்தைப் பிரியுங்கள்.

முதலில், ட்ரொபிக்கு உண்மையில் என்ன தேவை என்று சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். விட்ச்சர் 3இல் ஸ்கெல்லிகே கடலில் மிதக்கும் கள்ளக்கடத்தல் பெட்டிகளை எல்லாம் படகில் போய் எடுத்து, அலுத்துக் கேமையே விட்டவர்கள் ஏராளம். அந்தக் கேள்விக்குறிகளை எல்லாம் அழிக்க ஒரு ட்ரொபியும் இல்லை. பிளாட்டினத்துக்கு அடிப்படைக் கேமின் ட்ரொபிகள் மட்டும் போதும், டிஎல்சி தேவையில்லை.

ஜிடிஏ 5இல் விண்கலத் துண்டு 50, கடிதத் துண்டு 50. இப்படியானவற்றுக்கு மட்டும் வழிகாட்டியை வைத்து, பகுதி பகுதியாக, நாளுக்குப் பத்து என்று எடுங்கள். எடுத்ததை எண்ணிட்டு அடையாளமிடாமல் போனால், கடைசி ஒன்று எது என்று தெரியாமல் ஐம்பதையும் திரும்பச் சுற்ற வேண்டி வரும். அடையாளமிடும் கொப்பி இந்தச் சுற்றில் கட்டாயம். 2007இல் வந்த முதலாவது ஆசாசின்ஸ் க்ரீட்டில் 420 கொடிகள். மேப்பில் காட்டவும் மாட்டாது. அதை இன்று யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ட்ரொபியே இல்லை, ஆனாலும் நோய் உண்டு. செல்டா பிரெத் ஒஃப் த வைல்டில் 900 கொரோக் விதை. பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். 900ஐயும் சேர்த்தால் கிடைப்பது தங்க நிறத்தில் ஒரு மலக்குவியல். அது ஒரு பகிடி என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். விதைகளை அவ்வளவு தூவியது, எந்தப் பக்கம் போனாலும் சிலது தட்டுப்படட்டும் என்பதற்காக.

8. எங்கே நிறுத்துவது

ஸ்டீமிலும் கொன்சோல்களிலும் ஒவ்வொரு ட்ரொபியையும் எத்தனை வீதம் பேர் எடுத்தார்கள் என்று காட்டும். எக்ஸ்பொக்ஸில் 10 வீதத்துக்குக் குறைவானது அரிது என்று குறிக்கப்படும். மிச்சமிருப்பவை எல்லாம் அப்படி அரிதானவை, அவற்றில் எதுவும் ஆட ஆசையாகவும் இல்லை என்றால் நிறுத்துங்கள். ஒரே ட்ரொபிக்கு மூன்று இரவு போய் முன்னேற்றம் இல்லையென்றாலும் நிறுத்துங்கள். மிச்சமிருப்பது ஒன்றிரண்டு, ஆடவும் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகத் தொடருங்கள். கோஸ்ட் ஒஃப் சுஷிமா போன்ற கேம்களில் காற்றே வழிகாட்டிக் கூட்டிப்போகும், அங்கே தேடல் அலுப்பதில்லை.

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் மொட் (ஆடுகிறவர்கள் செய்து வெளியிடும் மாற்றங்கள்) போட்டால் அச்சீவ்மென்ட் நின்றுவிடும். மொட் போட்டு ஆட ஆசையென்றால் அச்சீவ்மென்ட் எடுத்த சேவ் கோப்பையும் மொட் சேவ் கோப்பையும் வேறாக வையுங்கள்.

9. டிஸ்க்கை விற்க முன்

பாவித்த டிஸ்க்கின் விலை மாதம் போகப் போக இறங்கும். நாலு மாதம் ட்ரொபிக்காக வைத்திருந்து விற்பதைவிட, கதை முடிந்து ஒரு மாதத்துக்குள் விற்றால் அடுத்த கேமின் விலையில் ஒரு பங்கு கைக்கு வரும். விற்க முன் ஒன்லைனில் இணைத்து ட்ரொபிகளைச் சின்க் பண்ணுங்கள். சின்க் ஆகாதது கொன்சோலோடு நிற்கும். சேவ் கோப்பை யூஎஸ்பியில் வைத்திருங்கள். பின்னாளில் டிஎல்சி வந்தால் அந்தக் கேமின் 100 வீதம் 80, 85 என்று இறங்கிக் காட்டும். பிளாட்டினம் அப்படியே இருக்கும், அதற்காகத் திரும்ப டிஸ்க் வாங்க வேண்டியதில்லை.